கண்டெடுத்தவர் ஏன் வாய் திறப்பதில்லை? திருகோணமலையின் தொல்பொருள் களவுக்குப் பின்னால்

லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் பௌத்தப் பெண் தெய்வமான தாரை நிற்கிறாள். பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். உள்ளே கோறை விடாமல் வார்த்தது, எட்டாம் நூற்றாண்டு வேலை. தென்னாசிய உலோக வார்ப்பின் உச்சங்களில் ஒன்றாகக் கலை வரலாற்றாளர்கள் இவளைச் சொல்கிறார்கள். எங்கே கிடைத்தாள் என்று கேட்டால் மட்டும் பதில் மெலிந்துபோகிறது: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், இலங்கையின் கிழக்குக் கரையில். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நூறு கிலோமீற்றருக்கு மேல் நிலம் கிடக்கிறது. எந்த ஊர், எந்தக் குளக்கட்டு, எந்தப் பௌத்தப் பள்ளியின் (விகாரையின்) இடிபாடு, அருகில் வேறென்ன புதைந்திருந்தது என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

அவளைக் கொண்டுபோனவர் சேர் றொபேட் பிரவுண்றிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் பிரித்தானியத் தேசாதிபதி. 1830-இல் சிலை நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மேலாடை இல்லாத பெண்ணுருவம் என்று பொதுமக்கள் கண்ணில் படாமல் சில பத்தாண்டுகள் அதைப் பூட்டியும் வைத்திருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எதைத் தொல்பொருள் என்று கொள்வது என்பதற்கு ஒரு திகதியை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. பிரித்தானியத் தரப்பில் கையெழுத்திட்டவரும் இதே பிரவுண்றிக்தான். தாரையைக் கொண்டுபோனவரின் கையெழுத்து விழுந்த நாளை வைத்துத்தான் இன்றைக்கும் நம் நாட்டில் எது பழையது, எது புதியது என்று அளக்கிறோம்.

களவுபோன தொல்பொருளைப் பற்றிப் பேசும்போது பொருளின் விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். செய்தித்தாளிலும் "பல கோடி பெறுமதியான" என்ற அடைமொழி இல்லாமல் தலைப்பு வருவதில்லை. தொல்லியல்காரருக்கு அந்த விலை இரண்டாம்பட்சம். ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து, எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. தோண்டி எடுத்த அந்த நேரத்திலேயே அது அழிந்துபோகிறது. பொருள் பிறகு ஒருநாள் திரும்பி வரலாம். கலைந்த மண்ணை யாரும் திருப்பித் தர முடியாது.

திருகோணமலையில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உறைக்கும். பட்டினத்துக்கு வடமேற்கே பெரியகுளத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. சோழர் ஆட்சிக் காலத்தில் தமிழர்கள் ஒரு பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் கொடுத்த செய்தி அந்தக் கற்களில் வெட்டப்பட்டிருக்கிறது. சோழர் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று பழகிப்போன இரண்டு கணக்கையும் ஒரே இடத்தில் பிழையாக்கும் சான்று அது. அந்தக் கற்கள் இருந்த இடத்திலேயே கிடைத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. அப்படியொரு பள்ளியிலிருந்து ஒரு வெண்கலப் பொருளை இரவோடிரவாக எவனாவது பெயர்த்துக்கொண்டு போனால், ஐந்தாறு வருடத்தில் அது எங்கோ ஓர் ஏலப் பட்டியலில் "தென்னிந்தியா, சோழர் காலம்" என்று வரும். அல்லது "இலங்கை, பொலன்னறுவைக் காலம்" என்று வரும். தமிழ்ப் பௌத்தம் என்று மட்டும் எந்த ஏலக்காரரும் எழுதமாட்டார்.

கந்தளாயை அண்டிய பாலமோட்டைக் கல்வெட்டு, கோணேசர் கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்லும் நிலாவெளிக் கல்வெட்டு, திரியாய்க் குன்றில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய சமஸ்கிருத வரிகள் என்று இந்த மாவட்டம் முழுக்க இப்படிக் கலந்து கிடக்கிறது. ஒன்றின் இடம் தவறினாலும் மற்றதன் பொருள் மாறிவிடும்.

சரி, தோண்டுகிறவர்கள் யார்?

பத்திரிகை வாசிப்பவர்களுக்குக் காட்சி பழக்கமானது. காட்டோரக் குன்று, நள்ளிரவு, பொலிஸ் சுற்றிவளைப்பு. மண்வெட்டி, அலவாங்கு, நிலத்தடியைப் பார்க்கும் ஸ்கேனர், பூசைச் சாமான்கள். வசதியான கூட்டமாக இருந்தால் பெக்கோ இயந்திரமும் இருக்கும். சந்தேக நபர்களில் ஒருவர் கட்டாயம் பூசகராகவோ மந்திரம் தெரிந்தவராகவோ இருப்பார். பூதம் காக்கும் புதையல், நாகம் சுற்றிக் கிடக்கும் குடம் என்ற கதைகளை நம்புகிறவர்களுக்குத் தோண்டும் ஆளைவிட அவர்தான் முக்கியம். வலம்புரிச் சங்கும் கஜமுத்தும் விற்க வந்து பிடிபடுகிறவர்களும் இதே உலகத்து ஆட்கள்தான்.

இந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதையல் கிடைப்பதே இல்லை. ஆனால் சேதம் முழுதாக நடந்துவிடுகிறது. மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோகவும் முடியாது, ஏனெனில் அதன் அடியில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. தாதுகோபுரங்களின் நடுவில் தாது அறை உண்டு. அதற்குள் பேழைகளும் மணிகளும் வைத்துத்தான் கட்டினார்கள். நம் கோயில்களிலும் கர்ப்பந்நியாசம் என்று அத்திவாரத்தில் பொன்னும் மணியும் இடுவது ஆகம முறை. மூலவரின் பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைத்து அட்டபந்தனம் சாத்துவது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு குன்றிமணிப் பொன்னுக்காகத்தான் தாதுகோபுரத்தை உச்சியிலிருந்து பிளக்கிறார்கள், ஆள் அரவமற்ற கோயிலின் மூலவரை அலவாங்கு போட்டு நெம்புகிறார்கள். கிழக்கிலும் வடமத்தியிலும் காட்டுக்குள் கிடக்கும் பௌத்த இடிபாடுகள்தான் இதில் அதிகம் அடிவாங்கியவை. அலவாங்குக்கு மதம் கிடையாது.

பித்தளை விளக்கையும் மணியையும் களவெடுத்துப் பழைய இரும்புக் கடையில் நிறுத்து விற்பது வேறு ரகம், வயிற்றுப்பாட்டுக் களவு. அதை ஊர்ப் பொலிசே பிடித்துவிடும். பிடிக்க முடியாதது வெளிநாட்டுக்குப் போகும் ரகம். அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க நம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த இரண்டு வழக்குகளே போதும்.

முதலாவது பத்தூர் நடராசர். 1976-இல் தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் பத்தூர் என்ற ஊரில் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது சில வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அரசாங்கத்துக்கு அறிவிக்கவில்லை. நடராசரைத் தரகருக்கு விற்றார். கை மாறி கை மாறி 1982-இல் லண்டனில் ஒரு கனேடிய நிறுவனம் அதை 250,000 பவுணுக்கு வாங்கியது. பராமரிப்புக்காகக் கொடுத்திருந்த இடத்தில் ஸ்கொட்லன்ட் யார்ட் அதைக் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. பத்தூரில் எடுத்த மற்றச் சிலைகளில் படிந்திருந்த மண்ணும் கறையான் அடையாளமும் நடராசரில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. மண்ணே சாட்சிக் கூண்டில் ஏறியது என்று சொல்லலாம். இடிந்து கிடந்த கோயிலே சட்டப்படி ஒரு நபராக நின்று தன் சொத்தைக் கேட்கலாம் என்று 1991-இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வருடமே சிலை இந்தியா திரும்பியது.

இரண்டாவது சிறீபுரந்தான் நடராசர். அரியலூர் மாவட்டத்தில் பூசை குறைந்து பூட்டிக் கிடந்த சிவன் கோயில். 2006-இல் சிலைகளைப் பெயர்த்தார்கள். ஊருக்கே தெரியவில்லை. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற 2008-இல் அதிகாரிகள் வந்தபோதுதான் கோயில் வெறுமையாகக் கிடப்பது தெரிந்தது. அதே வருடம் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நடராசரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூர். இவர்களின் முறை எளிமையானது: புதிதாகச் செய்த கைவினைப் பொருள்களுக்குள் பழைய சிலையைக் கலந்து, ஏற்றுமதிப் பத்திரத்தில் எல்லாவற்றையும் கைவினைப் பொருள் என்றே காட்டுவது. போய்ச் சேர்ந்த பிறகு, பல வருடத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்த சிலை என்று காட்ட ஒரு பொய்க் கடிதம். கபூர் 2011-இல் ஜேர்மனியில் பிடிபட்டு அடுத்த வருடம் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடச் சிறை விதித்தது. நடராசர் 2014-இலேயே திரும்பிவிட்டார்.

திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் பல வருடங்களாகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் கான்பெராவில் நின்ற சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வார்ப்பின் குறைகள்கூட ஒத்துப்போயின. படம் இல்லாத கோயில்களின் சிலைகள் இன்னும் எங்கோ நிற்கின்றன. அவை களவுபோனவை என்று நிறுவ வழி இல்லை.

இலங்கைச் சட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1998-இல் அதைக் கடுமையாக்கிய திருத்தம், ஏற்றுமதியையும் வணிகர்களையும் கட்டுப்படுத்தும் 1988-ஆம் ஆண்டின் 73-ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. களவாகக் கடத்தும் பண்பாட்டுப் பொருள்களுக்கு எதிரான 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையிலும் இலங்கை 1981-இல் சேர்ந்துவிட்டது. பழைய பொருள்களுக்கான மிகப் பெரிய சந்தைகளில் ஒன்றான பிரித்தானியா சேர்ந்தது 2002-இல்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. அந்த உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாது. தாரையைச் சட்டத்தால் கேட்க முடியாது, அரசியலால்தான் கேட்க வேண்டும். அதுவும் நடக்கக்கூடியதே. 1765-இல் கண்டியில் ஒல்லாந்தர் சூறையாடிய லெவ்கே பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023-இல் திருப்பித் தந்தது.

நிலத்துக்குள் இன்னும் வெளிவராமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், காணி யாருடையதாக இருந்தாலும். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். கிடங்கு வெட்டும்போது சிலை கண்டால் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிலோ போய்ச் சொல்ல வேண்டும். ஏட்டில் இவ்வளவுதான். திருகோணமலையில் பிரச்சினை தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

1950-இல் இதே ஊரில் நடந்ததைப் பார்ப்போம். 1620களில் கொன்ஸ்தாந்தினோ டி சா தலைமையில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். இடிபடுமுன் சில விக்கிரகங்களை ஆட்கள் புதைத்தும் ஒளித்தும் காப்பாற்றினார்கள் என்பது ஊர் வழக்கு. முந்நூறு வருடத்துக்கு மேல் கடந்து, கோயிலிலிருந்து ஏறத்தாழ 500 யார் தூரத்தில் நகரசபை கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் என்று வெண்கலங்கள் வெளியே வந்தன. மறைக்க யாரும் நினைக்கவில்லை. விக்கிரகங்களை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். ஊர் திரண்டு கும்பிட்டது. புதுக்கோயில் கட்டி 1963-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். நூதனசாலைக் கண்ணாடிக்குள் போகாமல் அவை பூசைக்குத் திரும்பின.

இன்றைக்கு அதே கிணற்றை ஒருவர் தன் வளவில் வெட்டி, அதே சிலைகள் வந்தால் என்ன செய்வார்? இந்த மாவட்டத்தில் காணி வைத்திருக்கும் எவரிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மண்ணைப் போட்டு மூடிவிடுவார். துணிந்தவர் தரகரைத் தேடுவார். திணைக்களத்துக்குச் சொல்கிறவர் அரிது. பொன்னாசையைவிடக் காணிப் பயமே இதற்குக் காரணம். சொன்னால் அளக்க வருவார்கள், எல்லைக்கல் நாட்டுவார்கள், வர்த்தமானி வரும், பிறகு வயலில் இறங்க முடியாது என்ற பயம். குச்சவெளி, திரியாய், தென்னமரவடிப் பக்கம் வயல்காரருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் இடையிலான காணி இழுபறிகள் ஊரறிந்தவை. கன்னியா வெந்நீரூற்றுப் பிணக்கு 2019-இல் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைத்தார்கள். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு முதலில் நியமித்த உறுப்பினர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை.

அந்தச் செயலணி எத்தனை புதையல் கள்ளரை நிறுத்தியது என்பதை விட்டுவிடுவோம். கண்டெடுப்பவரின் வாயை அது இன்னும் இறுக்கமாகப் பூட்டியது என்பதே என் துணிபு. களவைத் தடுப்பதில் பொலிசைவிட, கமராவைவிடப் பெரிய காவல் அந்த மண்ணில் நடமாடும் ஆட்கள். காட்டுக்குள் புது வாகனத் தடம் விழுந்தால் மாடு மேய்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் தொலைபேசியும் இருக்கிறது. அழைத்தால் தன் பட்டிக்கும் ஆபத்து என்று அவர் நினைத்தால், அந்தத் தொலைபேசியால் என்ன பயன்?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். திணைக்களத்தில் வெயிலிலும் மழையிலும் உண்மையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஊழியரின் நல்ல மனமும் ஒரு வர்த்தமானிப் பயத்தை ஈடுசெய்யாது. ஈடுசெய்யக்கூடியது விதி. இங்கிலாந்தில் 1996-இல் புதையல் சட்டத்தை மாற்றியபோது, கண்டெடுத்தவருக்கும் காணிக்காரருக்கும் சந்தை விலையை ஒட்டிய வெகுமதி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கூடவே, சிறு பொருள்களைத் தானாகக் கொண்டுவந்து பதியும் திட்டமொன்றை ஊர் ஊராக அலுவலர் போட்டு நடத்தினார்கள். பதிந்துவிட்டுப் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகலாம். நமக்கு அது அப்படியே பொருந்தாது. உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் அலையும் பொழுதுபோக்கை இங்கே வளர்த்துவிடவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: அறிவித்தவர் காணியை இழக்கமாட்டார் என்று எழுத்தில் ஓர் உறுதி, அதுவும் தமிழில். வழிபாட்டு விக்கிரகம் என்றால், 1950-இல் நடந்ததுபோல, ஆய்வு முடிந்தபின் ஊர்க் கோயிலுக்குத் திரும்ப ஒரு வழி.

கடலடியையும் மறக்கக்கூடாது. சுவாமி மலையின் கீழே கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் நீருக்குள் கிடப்பதை 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்து உலகுக்குச் சொன்னார்கள். அந்த இடத்துக்கு இன்று எவரும் காற்றுச் சிலிண்டரோடு இறங்கலாம். கல் கனமானது என்பதுதான் அதற்குள்ள பாதுகாப்பு.

அரசு செய்யாவிட்டாலும் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம். நம் கோயில்களில் சுவாமி படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் திருவிழாப் படங்கள். பட்டும் மாலையும் நகையும் சாத்தி, முகத்தில் பாதிகூடத் தெரியாத அலங்காரத்தில் எடுத்தவை. அந்தப் படத்தைக் கொண்டுபோய் வெளிநாட்டு நீதிமன்றத்தில் "இது எங்கள் முருகன்" என்றால் எவரும் ஏற்கமாட்டார். புதுச்சேரிப் படங்கள் வழக்கை வென்றது அவை அலங்காரம் இல்லாத திருமேனியைக் காட்டியதால்.

அலங்காரமில்லாமல் படம் எடுக்கக் குருக்கள்மார் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதே. ஆனால் கும்பாபிஷேகத்துக்கு முன் பாலஸ்தாபனம் செய்து சக்தியைக் கும்பத்துக்கோ வேறு பிம்பத்துக்கோ மாற்றிவிடுகிறோமே, அந்த இடைவெளி இதற்குப் பொருந்திய காலம். எழுந்தருளி விக்கிரகங்களைத் துலக்க எடுப்பதும் அப்போதுதான். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் அளவுகோல் வைத்து. உயரம், அகலம், நிறை குறிக்க வேண்டும். ஏதாவது எழுத்து இருந்தால் தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் குறைகள்: ஒடுக்கு, ஒட்டுப்போட்ட விரல், தேய்ந்த மூக்கு, வார்ப்பில் விழுந்த குழி. ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தோன்றும் இரண்டு சிலைகளைப் பிரித்துக் காட்டுவது இவைதான். 1990களில் உருவான பொருள் அடையாளப் பதிவு முறை (Object ID) உலக நூதனசாலைகளும் இன்டர்போலும் பயன்படுத்துவது. அது கேட்பதும் ஏறக்குறைய இதையேதான். களவுபோன மறுநாள் அந்தத் தகவலைக் கொடுக்க முடிந்தால் பொருள் இன்டர்போல் தரவுத்தளத்தில் ஏறும். நேர்மையான வாங்குநர் அங்கே பார்க்காமல் வாங்கமாட்டார். நேர்மையற்றவருக்கும் பிறகு விற்பது கடினம்.

சம்பூர் ஆட்கள் 2006-இல் ஊரைவிட்டு ஓடிப் பல வருடம் கழித்துத் திரும்பினார்கள். அதற்கு முன்பே, 1980களில், திரியாயும் தென்னமரவடியும் வெறிச்சோடிப் போயின. அப்படிக் கைவிட வேண்டிவந்த கோயில்களில் என்னென்ன இருந்தன என்பது வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. "இவ்வளவு உயரம், கையில் வேல்" என்று கையால் காட்டுவார்கள். ஆகையால் புதிதாக எடுக்கும் பதிவின் ஒரு பிரதி கோயில் பெட்டகத்தில் இருந்தால் போதாது. ஒன்று திருகோணமலை வளாகம் போன்ற ஒரு கல்வி நிலையத்திலும், இன்னொன்று கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அந்த ஊர்ச் சங்கத்திடமும் இருக்க வேண்டும். அதை இணையத்தில் முழுதாகப் போடக்கூடாது. எந்தக் கோயிலில் என்ன இருக்கிறது என்று கள்ளனுக்கே பட்டியல் கொடுத்ததாகிவிடும். யாரிடம் சாவி இருக்கும், எத்தனை பேர் சேர்ந்து திறக்க வேண்டும் என்பதை அடுத்த பரிபாலன சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, பழைய சபையும் புதிய சபையும் கையெழுத்திடலாம். சபை மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படைக்கலாம்.